லவ் டெஸ்ட் வைக்கலாமா பாஸ்?

ரெண்டு நாள் போனை எடுக்காம இருந்து, 'எவ்வளவு தவிக்கிறாங்கன்னு பார்ப்போம்' என்று டெஸ்ட் வைக்கிற ஆளா நீங்க? அப்படின்னா பெரிய காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க.

தல புராணம் இதுதான். மாமரத்தடியில் மணலில் லிங்கம் பிடித்து பூஜை செய்கிறாள் அம்மன். அவள் அன்பை சோதிக்க நினைத்த சிவன், கம்பை நதியில் வெள்ளத்தை வரவழைக்கிறார். அவள் ஓடலை. மணல் கரைஞ்சிடக் கூடாதேன்னு அப்படியே கட்டிப்பிடிச்சுக்கிட்டா! அவளோட வளைத்தழும்பு லிங்கத்தில் பதிந்ததாம். 'தழுவக் குழைந்த நாதர்' என்ற பெயரே அதனால் வந்ததுதான். பஞ்சபூதத் தலங்களில் இது மண். அதனால் இன்றைக்கும் லிங்கத்துக்குத் தண்ணீர் அபிஷேகம் கிடையாது, ஆவுடையாருக்குத்தான்.

எனக்கு இடிக்கிறது வேற இடத்தில். அவ பாஸாயிட்டா, சரி. வெள்ளம் விட்டவருக்கு மார்க் போடுறது யாரு? சீதைக்குத் தீ, இவளுக்குத் தண்ணீர். எக்ஸாம் எழுதுறது மட்டும் எப்பவும் அவதான்!

சிவனுக்காவது ரிசல்ட் முன்னாடியே தெரியும். (அப்புறம் எதுக்கு சோதனைங்கறது தனி பஞ்சாயத்து.) நமக்குத் தெரியாதே! எங்க லேப்ல 'டென்ஸைல் டெஸ்ட்'னு ஒண்ணு உண்டு. கம்பியை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுப்போம். எவ்வளவு தாங்கும்னு துல்லியமா தெரியும்போது, கம்பி ரெண்டு துண்டாகி இருக்கும்.

பங்குனி உத்திரத்துக்கு சுவாமி கல்யாணத்தோடு சேர்த்து இதே கோயிலில் ஏகப்பட்ட ஜோடிகளுக்குக் கல்யாணம் நடக்கும். யாராவது ஒரு மாப்பிள்ளையைத் தனியா ஓரங்கட்டி, "டெஸ்ட் வச்சீங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க. பொண்ணு பக்கத்தில் இல்லாத நேரமா பார்த்து!