எருமை நாட்டுக்காரருக்கு ஒரு கல் படுக்கை

புதுக்கோட்டைப் பக்கம் படிக்கிறவரா நீங்க? அப்படின்னா அன்னவாசல் பஸ் பிடிச்சு ஒரு தடவையாவது சித்தன்னவாசல் போயிருப்பீங்க. தாமரைக்குள ஓவியத்தைப் பார்த்து, நாலு போட்டோவும் எடுத்திருப்பீங்க. ஆனா, வெயிலுக்குப் பயந்து ஏழடிப்பட்டம் ஏறாமல் திரும்பியிருந்தால்... மெயின் பிக்சரையே மிஸ் பண்ணிட்டீங்க பாஸ்!

ஏழடிப்பட்டம் என்பது சமணத் துறவிகள் தங்கிய குகை. உள்ளே 17 கல் படுக்கைகள். அதில் ஒன்றில், சுமார் 2,000 வருஷத்துக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. செய்தி சிம்பிள். எருமை நாட்டில் பிறந்து இங்கே வந்த ஒருவருக்கு, சிறுபாவில் இளையர் இந்த இடத்தைச் செய்து கொடுத்திருக்கிறார். எருமை நாடு என்பது மைசூர்ப் பகுதி என்கிறார்கள் அறிஞர்கள் பலர். அதாவது, இன்றைய கணக்கில் அவர் கர்நாடகக்காரர்! காவிரிப் பிரச்னையில் 1991-ல் பெங்களூருவில் தமிழர்கள் அடிபட்டதும், 2016-ல் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்ததும் நமக்குத் தெரியும். அந்தக் கல்லுக்கு இதெல்லாம் தெரியாது.

'இத்தனை மொழியை வெச்சுக்கிட்டு இந்த நாடு எப்படிங்க உருப்படும்? ஒரே மொழி இருந்தா ஒத்துமையா இருக்கலாமே!' இந்த டயலாக்கை ரயிலில், டீக்கடையில், ஏன், உங்க கிளாஸிலேயே கேட்டிருப்பீங்க. கேட்க நியாயமாத்தான் இருக்கும். இதற்கான பதிலும் அன்னவாசல் வட்டாரத்திலேயே கிடைக்கிறது.

ஒரு பக்கம் விராலிமலை, இன்னொரு பக்கம் கீரனூர். 1965-ல் இந்தித் திணிப்பை எதிர்த்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களில் இருவர் விராலிமலை சண்முகம், கீரனூர் முத்து. எந்த மொழிக்காகவும் ஓர் இளைஞர் உயிரை விடத் தேவையில்லை என்பது என் கட்சி. ஆனால், அவர்களை அந்த அளவுக்குத் தள்ளியது எது?

1950-ல் வந்த அரசியல் சட்டம், 15 வருஷம் ஆங்கிலமும் இருக்கட்டும், அப்புறம் மத்திய அரசின் ஆட்சிமொழி இந்திதான் என்றது. அந்தக் கெடு முடிந்த நாள் 26.1.1965. அதற்கு முதல் நாள் மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மோதல் வெடித்தது. 27-ம் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலை மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அதிகாரபூர்வ கணக்கிலேயே சுமார் 70 பேர் பலி. போராட்டக்காரர்கள் பக்கமும் சுத்தம் இல்லை. திருப்பூரில் இரண்டு போலீஸ்காரர்களைக் கூட்டம் எரித்துக் கொன்றது. அதை மறைத்துவிட்டு 'மொழிப்போர்' என்று பெருமை பேசுவது சரியில்லை.

அப்புறம் நடந்ததுதான் நீங்க கவனிக்க வேண்டியது. பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும் ராஜினாமா கொடுத்தார்கள். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் வந்து, ஆங்கிலம் தொடரும் என்று உறுதி சொன்னார். 1967-ல் சட்டமே திருத்தப்பட்டது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநில சட்டசபைகளும் 'போதும்' என்று தீர்மானம் போட்டால்தான் ஆங்கிலத்தை நிறுத்த முடியும். ஒரே ஒரு மாநிலம் மறுத்தாலும் நடக்காது!

ரிசல்ட்? தனி நாடு கேட்டு வந்த தி.மு.க. அந்தக் கோரிக்கையை 1963-லேயே கைவிட்டிருந்தது. 1967-ல் தேர்தலில் ஜெயித்து, இந்திய அரசியல் சட்டத்தின் மேல் உறுதிமொழி எடுத்து கோட்டையில் உட்கார்ந்தது. அந்தத் தேர்தலில் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தவர் மாணவர் தலைவர் சீனிவாசன். கோபம் தெருவிலிருந்து ஓட்டுப்பெட்டிக்குள் போனது. நாடு உடையலை.

உடைந்த கதையும் பக்கத்திலேயே இருக்கு. 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் வங்காளம் கேட்ட மாணவர்களைச் சுட்டது பாகிஸ்தான் போலீஸ். 1956-ல் வங்காளத்துக்கும் இடம் கொடுத்தார்கள், ஆனால் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. 1971-ல் வங்கதேசம் பிறந்தது. இலங்கையில் 1956-ல் சிங்களம் மட்டும் என்று சட்டம். தமிழும் ஆட்சிமொழி என்று எழுத 1987 வரை, 31 வருஷம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் 1983 ஜூலை வந்துவிட்டது. யுத்தம் முடிய 2009 ஆனது. மொழிகள் பலவாக இருந்ததால் வந்த வினையா இது? 'ஒன்றே ஒன்று' என்றதால் வந்தது.

சரி, நம்ம பக்கம் எப்படி? 2012-ல் ஒரு வதந்தியை நம்பி வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் பெங்களூருவிலிருந்து ரயில் ஏறினார்கள். மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பவே மத்திய அரசு சில நாட்கள் தடை போட்டது. 2023 மார்ச்சில் நம்ம முறை. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் பறந்தன. எங்கெங்கோ நடந்த வேறு சண்டைகளின் காட்சிகள் அவை. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே கிளம்பி வந்தது. பலர் பயந்து ஊருக்குக் கிளம்பினார்கள். நம்ம ஆளுங்களிலும் சிலர், 'போகட்டும் விடு' என்று கமென்ட் அடித்தார்கள். அது கொஞ்சம் உறுத்துகிறது. 1966-ல் சிவசேனா ஆரம்பித்த காலத்தில் பம்பாய்த் தமிழர்களைப் பார்த்து அங்கே சொன்னதும் அதேதான்.

அந்த வாரம் திருப்பூரில் போலீஸார் தொழிலாளர்களைத் தேடிப் போய் 'பயப்படாதீங்க' என்று தைரியம் சொன்னார்கள். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. இந்தியில்தான் சொன்னார்கள்.