பீங்கானும் ரத்தமும் வைத்திருக்கும் கணக்கு

விருத்தாசலத்துச் சூளையிலிருந்து இறக்கி ஆறவைத்த ஒரு பீங்கான் ஃப்யூஸ் கேரியருக்குள் அந்த நேரத்திலிருந்தே ஒரு கணக்கு தொடங்கிவிடுகிறது. பீங்கானில் குவார்ட்ஸ் போன்ற படிகத் துகள்கள் உண்டு. மண்ணிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் ஓயாமல் வரும் கதிர்வீச்சு அவற்றிலுள்ள எலெக்ட்ரான்களைப் பெயர்த்துவிடுகிறது. பெயர்ந்தவற்றில் சில, படிகத்தின் பழுதுகளில் சிக்கி அங்கேயே தங்கிவிடும். சூளையின் வெப்பம் பழைய பாக்கியை முழுதாகத் துடைத்துவிடுவதால் ஆறியபின் சேர்வதெல்லாம் புது வரவு. பல ஆண்டுகள் கழித்து அதில் ஒரு துணுக்கை ஆய்வகத்தில் சூடாக்கினால், சிக்கிய எலெக்ட்ரான்கள் விடுபட்டு மெல்லிய ஒளி எழும். அந்த ஒளியை அளந்தால் பீங்கான் வாங்கிய கதிர்வீச்சு தெரிந்துவிடும்.

ஹிரோஷிமா, நாகசாகி வீடுகளின் ஓடுகளையும் செங்கற்களையும் இப்படித்தான் படித்தார்கள். செர்னோபில் விபத்துக்குப் பிறகு, விருத்தாசலத்தில் செய்வதைப் போன்ற மின்சாரப் பீங்கான் சாமான்களும் சாட்சி சொல்ல வந்தன.

ஆனால் அந்த வீடுகளில் இருந்த மனிதர்கள் எவ்வளவு வாங்கினார்கள்? உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 4 அல்லது 5 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) கதிர்வீச்சு பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் பாதிப் பேர் பிழைப்பதில்லை. இத்தனைக்கும் அது உடலின் வெப்பத்தை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கூட்டும். கொல்லும் அளவு பட்டாலும் தோலுக்குச் சூடு தெரியாது. அந்த அளவைச் சொல்வது ரத்தம்தான்.

ரத்தத்தைப் படிக்கும் கலையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஏ.டி. நடராஜன். 1950களில் டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எம்.எஸ். சுவாமிநாதனோடு சேர்ந்து தாவரங்களின் குரோமோசோம்கள் உடைவதை ஆராய்ந்தவர். பின்னாளில் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கதிர்வீச்சு டிஎன்ஏவில் பலவகைக் காயங்களை உண்டாக்குகிறது. குரோமோசோமை உடைப்பது அவற்றில் எது? 1980களில் நடராஜனும் சக ஆய்வாளர் குந்தர் ஓபேயும் இதற்கு அழகான வழி கண்டார்கள். கதிர்வீச்சே இல்லாமல், டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் ஒருசேர வெட்டும் நொதிகளைச் செல்லுக்குள் செலுத்தினார்கள். கதிர்வீச்சு பட்டால் வரும் அதே சிதைவுகள் வந்தன. இரட்டை இழை முறிவுதான் குற்றவாளி என்று தெளிவானது. எனக்கு அவர் ஆய்வுகளில் மிகப் பிடித்தது இதுதான். சந்தேகப்பட்டவற்றில் ஒன்றை மட்டும் தனியே பிரித்து விசாரித்த நேர்மை அதில் இருக்கிறது.

புற்றுநோய்க் கதிர் சிகிச்சை நம்பியிருப்பதும் இந்த முறிவைத்தான். முறிந்த முனைகள் தவறாக ஒட்டிக்கொண்ட செல், பிரிய முயலும்போது பெரும்பாலும் செத்துப்போகிறது. நாளுக்கு 2 கிரே வீதம் ஆறேழு வாரம் சிகிச்சையை நீட்டுவதற்குக் காரணம், இடைப்பட்ட நேரத்தில் நல்ல செல்கள் தம் முறிவுகளைச் சரிசெய்துகொள்ளட்டும் என்பதே.

1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட கதிர் சிகிச்சை நிலையத்திலிருந்து ஒரு கருவியைப் பழைய இரும்புக்காக எடுத்துப்போய் உடைத்தார்கள். உள்ளே சீசியம்-137. இருட்டில் நீலமாக மின்னிய அந்தத் தூளை ஆசையோடு கையிலெடுத்து, உறவினருக்கும் கொடுத்தார்கள். 249 பேர்மீது அல்லது அவர்கள் உடலுக்குள் சீசியம் இருந்தது. நான்கு பேர் இறந்தார்கள், அவர்களில் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று அளக்க அங்கே எந்தக் கருவியும் இருந்திருக்கவில்லை. பிரேசில் விஞ்ஞானி அட்ரியானா ராமல்யோவின் குழுவும் நடராஜனும் பாதிக்கப்பட்டவர்களின் ரத்த வெள்ளையணுக்களை வளர்த்து, முறிந்த முனைகள் தவறாக ஒட்டி இரண்டு மையம் கொண்டுவிட்ட குரோமோசோம்களை எண்ணினார்கள். சாதாரணமாக ஆயிரம் செல்லில் ஒன்றில் தென்படும் கோளாறு அது. எண்ணிக்கை ஏற ஏற, வாங்கிய அளவும் அதிகம். சிலர் 7 கிரே வரை வாங்கியிருந்தார்கள்.

பீங்கானுக்கும் ரத்தத்துக்கும் உள்ள வேறுபாடு அதன்பின் வெளிப்பட்டது. அதே மனிதர்களின் ரத்தத்தை ஆண்டுக்கணக்கில் மறுபடி மறுபடி பார்த்தபோது, இந்தக் குரோமோசோம்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாக மறைந்துகொண்டிருந்தன. அவற்றைச் சுமந்த அணுக்கள் மடிந்துவிடுகின்றன. அதனால் நடராஜனின் குழு, குரோமோசோம்களுக்கு ஒளிரும் சாயமிட்டு, இடம் மாறி ஒட்டிய துண்டுகளைத் தேடியது. அப்படி மாறிய செல்லால் பிழைத்துப் பிரிய முடியும் என்பதால் அந்தத் தடம் நீண்டகாலம் நிற்கும். ஆனாலும் அதிக அளவு வாங்கியவர்களிடம் அதுவும் முதல் எண்ணிக்கையைவிடக் குறைவாகவே கிடைத்தது. விபத்து தெரிந்த முதல் நாட்களிலேயே ரத்தம் எடுத்துவிடுவது அவ்வளவு முக்கியம்.