ஓர் இயந்திரத்துக்குள் பல இயந்திரங்கள்

கொல்கத்தாவின் கிழக்கு எல்லையில் சதுப்பு நிலமாகக் கிடந்த உப்பு ஏரிப் பகுதி, ஹூக்ளி ஆற்றின் வண்டலை நீருடன் கலந்து குழாய்கள் வழியே செலுத்தி மேடாக்கப்பட்டது. மேற்கு வங்க முதலமைச்சராக விளங்கிய டாக்டர் பிதான் சந்திர ராயின் எண்ணத்தில் உருவான இத்திட்டத்தின் பணி, யூகோஸ்லாவிய நிறுவனம் ஒன்றின் பொறுப்பில் 1962-ஆம் ஆண்டு தொடங்கியது. அவ்வாண்டே அவர் மறைந்தார். அவர் பெயரால் பிதான் நகர் என வழங்கப்படும் இந்நகரை மக்கள் இன்றும் சால்ட் லேக் என்றே அழைக்கின்றனர். இதன் ஐந்தாம் பகுதியாகிய 'செக்டர் ஃபைவ்' மின்னணுத் தொழிலுக்கென ஒதுக்கப்பட்டது. 1974-இல் மாநில அரசு நிறுவிய 'வெபெல்' என்னும் மின்னணுத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தலைமை அலுவலகமும் மாநில அரசின் தரவு மையமும் இங்குதான் உள்ளன. சற்றுத் தொலைவில், முதலாம் பகுதியில், அணுசக்தித் துறையின் சைக்ளோட்ரான் மையம் அமைந்துள்ளது. 1977-இல் முதல் துகள் கற்றையை வெளியிட்ட இம்மையத்தில், ஜெனீவா அருகே நடைபெறும் 'ஆலிஸ்' துகள் ஆய்வுக்கான கணினித் தொகுதியும் இயங்குகிறது.

தரவு மையம், ஆய்வுக்கூடம், மென்பொருள் நிறுவனம் ஆகிய மூன்றும் தம்முள் வேறுபட்டவை. ஆயினும் மூன்றும் எதிர்கொள்ளும் பொருளாதாரக் கேள்வி ஒன்றே. விலை கொடுத்து வாங்கிய கணினியின் திறன் முழுமையும் பயன்படுகிறதா?

பெரும்பாலும் இல்லை என்பதே விடை. ஓர் அரசுத் துறை தன் ஊதியப் பட்டியலுக்கென ஒரு கணினியும், மற்றொரு துறை நிலப்பதிவுக்கென வேறொரு கணினியும் வாங்குவதாகக் கொள்வோம். மாதக் கடைசியில் முதலாவது திணறும். மற்ற நாட்களில் உறங்கும். இவ்வாறு பத்துத் துறைகள் பத்துக் கணினிகளை வாங்கி, ஒவ்வொன்றின் திறனிலும் பத்தில் ஒரு பங்கையே பயன்படுத்தினால், பத்துக்கும் மின்சாரம், குளிர்பதனம், பராமரிப்பு ஆகிய செலவுகள் மட்டும் முழுமையாக நேரும். ஒரே கணினியில் பத்துப் பணிகளையும் ஏற்றலாமே எனின், ஒரு துறையின் நிரல் பழுதுபட்டால் மற்ற ஒன்பதும் முடங்கும். ஒரு துறையின் கோப்பை மற்றொரு துறை காணவும் கூடும். ஆகவே பணிகளைப் பிரித்து வைக்கவும் வேண்டும். இயந்திரத்தைப் பகிர்ந்து கொள்ளவும் வேண்டும்.

இதற்கான வழியே மெய்நிகர் இயந்திரம். உண்மைக் கணினி ஒன்றினுள், மென்பொருளின் துணையால், தனித்தனிக் கணினிகள் போல் நடந்துகொள்ளும் பல இயந்திரங்களைப் படைப்பதே இம்முறை. ஒவ்வொன்றும் தனக்கெனச் செயலியும் நினைவகமும் வட்டும் இருப்பதாகவே கருதி இயங்கும். ஒரே மனையில் எழுந்த அடுக்குமாடியில் ஒவ்வொரு குடும்பமும் தன் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்வதை ஒக்கும் இது.

இக்கருத்து புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1960-களிலேயே இதனைச் சோதித்து, 1972-இல் 'வி.எம்./370' என்ற பெயரில் விற்பனைக்கும் கொணர்ந்தது. மெய்நிகர் இயந்திரத்துக்குரிய இலக்கணத்தை 1974-இல் போபெக், கோல்ட்பர்க் என்னும் இரு அறிஞர்கள் வகுத்தனர். நிரல் உண்மை இயந்திரத்தில் நடப்பது போன்றே நடக்கவேண்டும்; பெரும்பாலான கட்டளைகள் இடையீடின்றி நேரே செயலியில் ஓடவேண்டும்; வளங்களின் மீதான கட்டுப்பாடு மேற்பார்வை மென்பொருளிடமே இருக்கவேண்டும். பின்னர் உலகெங்கும் பரவிய இன்டெல் வகைச் செயலிகளோ இவ்விலக்கணத்துக்கு உட்படவில்லை. 2005, 2006 ஆண்டுகளில் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களும் செயலியிலேயே தனி வசதி சேர்த்த பின்னரே அக்குறை நீங்கியது.

இதனோடு நெருங்கிய உறவுடைய மற்றொரு கலை, ஒரு வகை இயந்திரத்தை மற்றொரு வகை இயந்திரத்தின் மீது போலச்செய்து காட்டுவதாகும். இவ்வாறு செய்யும் மென்பொருளைத் தமிழில் 'போன்மி' என்பர். 1964-இல் ஐ.பி.எம். தன் புதிய '360' வரிசைக் கணினிகளை அறிவித்தபோது, பழைய '1401' கணினிக்கு எழுதிய நிரல்களைக் கைவிட வாடிக்கையாளர் மனம் ஒப்பவில்லை. புதிய இயந்திரம் பழையதைப் போல நடிக்குமாறு அமைத்தே அந்நிறுவனம் அவர்களைத் தக்கவைத்தது. இயந்திரத்தின் ஆயுளைவிட நிரலின் ஆயுள் நீண்டது என்பதை வணிக உலகம் அன்றே உணர்ந்தது எனலாம்.

இவ்விரு கலைகளையும் ஒரே மென்பொருளில் இணைத்தது 'கியூ-எமு'. ஃபாப்ரிஸ் பெல்லார் என்னும் பிரெஞ்சு நிரலாளர் 2003-இல் இதனை வெளியிட்டார். இதன் மூல நிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் பொது உரிமத்தின் கீழ் உள்ளது.

இது செயல்படும் முறையை ஓர் அலுவலக எடுத்துக்காட்டால் விளக்கலாம். வங்கமொழி அறியாத தமிழ் அதிகாரி ஒருவர் சால்ட் லேக்கில் பணியேற்கிறார். வரும் கோப்புகள் வங்கமொழியில் உள்ளன. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியையும் படிக்கும்போதெல்லாம் புதிதாகப் பெயர்த்துச் சொன்னால் வேலை நகராது. ஒரு பத்தியை முழுமையாகப் பெயர்த்துக் குறிப்பேட்டில் எழுதி வைத்து, அதே பத்தி மீண்டும் வரும்போது குறிப்பேட்டையே நீட்டினால் வேகம் பன்மடங்காகும். கியூ-எமு செய்வதும் இதுவே. அயல் செயலியின் கட்டளைகளைத் தொகுதி தொகுதியாகத் தன் செயலியின் மொழிக்குப் பெயர்த்து, சேமித்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்துகிறது. என்னதான் திறமையான பெயர்ப்பாயினும், நேர்ப்பேச்சின் வேகம் அதற்கு வராது.

கோப்பும் அதிகாரியும் ஒரே மொழியாயின் பெயர்ப்பாளர் எதற்கு? இங்குதான் 'கே.வி.எம்.' என்னும் மற்றொரு திறமூல மென்பொருள் துணைக்கு வருகிறது. கும்ரானெட் என்ற நிறுவனத்தில் உருவான இது, 2007 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 2.6.20 பதிப்பில் இடம்பெற்றது. விருந்தாளி இயந்திரமும் உண்மை இயந்திரமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையாயின், கே.வி.எம். கட்டளைகளை நேரே செயலியில் ஓடவிடுகிறது. வட்டு, வலைப்பின்னல் அட்டை, திரை முதலிய புறச்சாதனங்களைப் போலச்செய்து காட்டும் பொறுப்பு மட்டும் கியூ-எமுவிடம் எஞ்சுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்தை, பணி நிற்பதைப் பயனர் உணராவண்ணம், வேறொரு கணினிக்கு மாற்றவும் இயலும். பழுதுபார்ப்புக்கென ஒரு கணினியை நிறுத்த நேரும்போது இவ்வசதியின் அருமை புலப்படும். ஆலிஸ் ஆய்வின் தாயகமாகிய செர்ன் நிறுவனம் 2013 முதல் தன் மேகக் கணிமையைத் திறமூல மென்பொருள்களின் மீதே நடத்தி வருகிறது. நம் நாட்டிலும் தேசிய தகவலியல் மையம் 2014-இல் 'மேகராஜ்' என்ற பெயரில் அரசுத் துறைகளுக்கான மேகச் சேவையைத் தொடங்கியது.

செக்டர் ஃபைவில் கைபேசிச் செயலி எழுதும் இளைஞர், பல வகைக் கைபேசிகளை விலைக்கு வாங்காமல், அவற்றைத் தம் கணினித் திரையிலேயே தோற்றுவித்துச் சோதிக்கிறார். ஆண்ட்ராய்டு செயலி எழுதுவோர்க்கென வழங்கப்படும் அந்தப் போன்மியின் அடித்தளமும் கியூ-எமுவே. முதலீடு குறைந்த சிறு நிறுவனத்துக்கு இச்சிக்கனம் சிறிதன்று.

விலையில்லாதது என்பதே இதன் பெருஞ்சிறப்பு எனச் சிலர் கருதுவர். அது பாதி உண்மையே. முதன்மையானது, விட்டுச் செல்ல முடியாத ஒருவரை நம்பியிருக்க நேராத நிலையே. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்த் தன் பங்கு உடைமையைக் குறைக்க இசையாத ஐ.பி.எம். 1978-இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. அதன் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பைப் பொதுத்துறையைச் சார்ந்த சி.எம்.சி. ஏற்றது. அந்நிறுவனம் முன்னரே தொடங்கப்பட்டிராவிடில் பயனர்கள் தவித்திருப்பர். அண்மை நிகழ்ச்சி ஒன்றும் கருதத்தக்கது. மெய்நிகராக்கத் துறையில் முன்னணி வகித்த வி.எம்.வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டு, சந்தா முறை மட்டுமே எஞ்சியது. ஒரு முறை வாங்கி நெடுநாள் பயன்படுத்தலாம் என வரவுசெலவுத் திட்டம் வகுத்திருந்த நிறுவனங்கள் உலகெங்கும் கணக்கைத் திருத்தி எழுத நேர்ந்தது. மூல நிரல் பொதுவில் உள்ள மென்பொருளுக்கு இவ்வாறு ஒரே கையெழுத்தில் விதி மாறுவதில்லை. ஒரு நிறுவனம் விலகினால் மற்றொன்று பராமரிப்பை ஏற்கலாம். 2015-இல் இந்திய அரசு வெளியிட்ட திறமூல மென்பொருள் கொள்கை, கொள்முதலின்போது திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தருமாறு பணித்தமை இந்நோக்கில் பொருத்தமானதே.

எனினும் உரிமக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று கோப்பில் குறிப்பெழுதுவது தவறான பொருளாதாரம். மிச்சமாகும் பணத்தின் ஒரு பகுதியேனும் பயிற்சி பெற்ற பணியாளர்க்குச் சென்றாகவேண்டும். 2015 மே மாதம் 'வெனம்' எனப் பெயரிடப்பட்ட பாதுகாப்புக் குறை ஒன்று கியூ-எமுவில் கண்டறியப்பட்டது. அது இருந்த இடம் நெகிழ்வட்டு இயக்கியைப் போலச்செய்யும் பகுதி. நெகிழ்வட்டை எவரும் பயன்படுத்தாத காலத்திலும் அந்நிரல் 2004 முதல் உள்ளேயே கிடந்தது. அதன் வழியே ஒரு குடும்பம் சுவரைத் துளைத்து அடுத்த வீட்டுக்குள் நுழைய வாய்ப்பிருந்தது. நிரல் பொதுவில் இருந்தும் பதினோராண்டுகள் எவர் கண்ணிலும் படவில்லை. எல்லோரும் படிக்கலாம் என்பது வேறு, எவரேனும் படிக்கிறார் என்பது வேறு. குறை வெளியானதும் திருத்தமும் உடனே வெளியாயிற்று. அத்திருத்தத்தைத் தம் கணினிகளில் அன்றே பொருத்தத் தெரிந்த ஆட்களை வைத்திருந்த மையங்களே அதன் பயனை அடைந்தன.

பயன்படுத்துவோர் என்ற நிலையிலிருந்து ஆக்குவோர் என்ற நிலைக்கு நம் நாடு நகர்வதற்கான அடையாளம் சென்னையில் தென்படுகிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் உருவாக்கிவரும் 'சக்தி' செயலிகள், எவரும் கட்டணமின்றிக் கையாளத்தக்க 'ரிஸ்க்-ஃபைவ்' கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டவை. அவ்வகைக் கட்டளைத் தொகுதி 2018 முதல் கியூ-எமுவில் இடம்பெற்றுள்ளது. 2021-இல் சக்தியின் 'சி' வகுப்புச் செயலியைக் கொண்ட கணினியும் அதில் தனி இயந்திரமாகச் சேர்க்கப்பட்டது. சில்லு கையில் இல்லாத மாணவரும் தம் சாதாரணக் கணினியில் சக்தியைத் தோற்றுவித்து, அதற்கான நிரலை எழுதிச் சோதிக்கலாம். 2022-இல் மத்திய அரசு அறிவித்த ரிஸ்க்-ஃபைவ் செயலித் திட்டத்துக்கு நிரலாளர் பெருமளவில் தேவைப்படுவர். சால்ட் லேக்கின் பயிற்சிக் கூடங்களிலும் பொறியியல் கல்லூரிகளிலும் இதற்கெனத் தனிக் கருவி எதுவும் வாங்கவேண்டுவதில்லை. லினக்ஸ் நிறுவிய கணினியும், ஆணை முறையில் அதனைக் கையாளப் பழக்கும் ஆசிரியரும் போதும். இவ்விரண்டில் இரண்டாவதே கிடைப்பதற்கு அரிதாக உள்ளது.