துவரை வேர் திறக்கும் மணிச்சத்து

செம்மண்ணில் இடும் டிஏபி உரத்தின் மணிச்சத்தில் பெரும்பகுதி அந்தப் பருவப் பயிருக்குக் கிடைப்பதில்லை. மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் அதைப் பற்றிக்கொள்கின்றன. ஆண்டுதோறும் இப்படிச் சேர்ந்த சத்து வயலிலேயே கிடந்தாலும் பல பயிர்களின் வேருக்கு எட்டாது. துவரைக்கு எட்டும்.

ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் பயிர் ஆய்வு நிலையத்தில் ஆய்வு செய்த நோரிஹாரு ஆயே குழுவினர், 1990-இல் ‘சயின்ஸ்’ இதழில் இதற்கு விளக்கம் தந்தனர். துவரை வேர் பிசிடிக் அமிலத்தைக் கசியவிடுகிறது. அமிலம் இரும்பைப் பிணைத்துக்கொள்ள, விடுபட்ட மணிச்சத்தை வேர் உறிஞ்சுகிறது. கரிசலில் மணிச்சத்தைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்பு. அதைக் கரைக்க உதவுவது கொண்டைக்கடலை வேரின் சிட்ரிக் அமிலம்.

துவரை எடுத்த மணிச்சத்தில் ஒரு பங்கு உதிரும் இலைகள் வழியே மேல்மண்ணுக்குத் திரும்பி, அடுத்த பயிருக்கு உதவும். ஆனால் வேர்முடிச்சில் சேரும் தழைச்சத்து காற்றிலிருந்து வரும் புதுவரவு. மணிச்சத்தோ நிலத்தின் வைப்புத்தொகையிலிருந்து எடுப்பது. பருப்பு மூட்டையோடு அதில் ஒரு பகுதி வயலைவிட்டுப் போய்விடும். ‘பயறு போட்டால் மண் வளம் கூடும்’ என்ற பரப்புரை இதைச் சொல்வதில்லை. தொழுவுரமாகவாவது திருப்பித் தராவிட்டால் இருப்பு குறைந்துகொண்டே போகும்.

அரசின் மண் வள அட்டையிலும் இந்த இருப்புக் குறைவு தெரியாது. 2015-இல் தொடங்கிய அத்திட்டம் அளப்பவை 12: பேரூட்டம், நுண்ணூட்டம், கார அமிலத் தன்மை, உப்பின் அளவு, கரிமம் ஆகியவை. கட்டுண்ட மணிச்சத்தும் மண்ணின் பொலபொலப்பும் அதில் இல்லை. சத்துக் கணக்கை மட்டும் வைத்து மண்ணின் ஆரோக்கியத்தைச் சொல்லிவிட முடியாது.

வேர் அமிலத்தோடு பசையையும் கசியவிடுகிறது; அதன் பயனை அட்டை இல்லாமலே பார்க்கலாம். மணற்பாங்கான நிலத்தில் கம்பைப் பிடுங்கினால் வேரைச் சுற்றி மணல் உறைபோல் ஒட்டி வரும். உதறினாலும் எளிதில் உதிராது. வேர்மயிரும் பசையும் பிடித்து வைத்த மண் அது. இப்படித் துகள்கள் குருணையாகச் சேர்ந்த மண்ணில் மழைநீர் இறங்கும், மேல்மண் அரிப்பு குறையும்.

மேல்மண்ணுக்குக் கீழே இறுகிக் கிடக்கும் கடினத்தட்டைத் துவரையின் ஆணிவேர் உடைக்குமா? மிதமான இறுக்கம் என்றால் துளைக்கும். வேர் மட்கியபின் அந்தத் துளை அடுத்த பயிருக்கு வழி. கல்லாய் இறுகியிருந்தால் உளிக்கலப்பைதான்.

அறுவடையில் செடியை வேரோடு பிடுங்கலாமா? அடியில் அறுத்து, வேரை மண்ணுக்கே விடுவது நல்லது.

வேரைப் பார்த்து ரகம் வாங்க முடியுமா? விதைப் பையில் அந்த விவரம் அச்சிடப்படுவதில்லை.