பாரம் குறைந்தும் பலம் குறையாத சைக்கிள்

பாரமான பொருளே பலமான பொருள் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். கடையிலே இரண்டு சைக்கிள்களைத் தூக்கிப் பார்த்து, கனமானதே நெடுநாள் உழைக்கும் என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்து வீதிகளை ஆண்ட இங்கிலாந்துத் துவிச்சக்கர வண்டிகளும் இந்த எண்ணத்துக்கு இடமளித்தன. ஏறக்குறைய 20 கிலோகிராம் எடையுள்ள அந்த 'றலி' வண்டிகள் ஆளையும் சுமந்தன. அரிசி மூடையையும் சுமந்தன. தகப்பனுக்குப் பின் மகனுக்கும் உழைத்தன.

ஆயினும், இன்றைய பந்தயச் சைக்கிளொன்றை எடுத்துப் பார்ப்போமாயின் வியப்பே மேலிடும். முழு வண்டியின் எடை 7 கிலோகிராம் அளவுதான். சில்லுகளையும் மற்றுமுள்ள உறுப்புகளையும் தாங்கி நிற்கும் சட்டத்தின் எடையோ ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. அந்தச் சட்டத்தை நம்பி ஒரு மனிதன் மலைச்சரிவிலே மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் இறங்குகின்றான். இஃது எவ்வாறு இயலும்? "புதிய பொருள்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று சொல்லிவிடலாம். அது பாதி விடையே. பொருள் எதுவாயினும், அதனைக் குழாயாக்கி, குழாய்களை ஒன்றோடொன்று இணைக்கும் முறையே சட்டத்தின் பாரத்தையும் பலத்தையும் தீர்மானிக்கின்றது.

மூங்கில் கற்பிக்கும் பாடம்

ஒரு தடியை வளைக்க முயலும்போது அதன் ஒரு புறம் இழுபடுகின்றது, மறுபுறம் நெருக்குண்கின்றது. நடுப்பகுதியோ பெரும்பாலும் வேலையின்றி இருக்கின்றது. வேலை செய்யாத அந்த நடுப்பகுதியை நீக்கிவிட்டால் பாரம் குறையும். பலம் அதிகம் குறையாது. மூங்கில் உள்ளே வெறுமையாக இருந்தும் காற்றுக்கு முறியாமல் நிற்பது இதனாலேயே. அதன் கணுக்களில் மாத்திரம் இயற்கை தடிப்பை வைத்திருக்கின்றது.

சைக்கிள் சட்டத்திலும் குழாய்களின் நடுப்பகுதிக்கு வேலை குறைவு. குழாய்கள் கூடும் மூட்டுகளிலேதான், சிறப்பாகக் கைபிடிக்குக் கீழேயும் மிதிகளுக்கு நடுவேயும், மிகுந்த விசை தாக்குகின்றது. இதற்கு மேலாக இன்னொரு தொல்லையும் உண்டு. உலோகக் குழாய்களை இணைப்பதற்குச் சூடு வேண்டும். மிகுந்த சூடோ உலோகத்தின் வலிமையைக் குறைக்கும். விசை மிகுந்த இடமும் சூடுபடும் இடமும் ஒன்றேயாக அமைந்துவிட்டன! மூட்டைக் காப்பதற்காகத் தடித்த குழாயை எடுத்தால், அந்தத் தடிப்பைக் குழாயின் முழு நீளத்துக்கும் வீணாகச் சுமக்க வேண்டும். 'றலி' வண்டியின் பாரத்திலே ஒரு பங்கு இவ்வாறு வந்ததே.

ஆணி செய்த குடும்பம்

இத்தொல்லைக்கு வழி கண்டவர்கள் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்தில் 1841ஆம் ஆண்டு முதல் ஆணி செய்து வந்த ஒரு குடும்பத்தினர் என்பது சுவையான செய்தி. அக்குடும்பத்தைச் சேர்ந்த அல்பிரெட் றெயினோல்ட்ஸ் என்பவர், ஹியூவிற் என்பவரோடு சேர்ந்து 1897இல் ஒரு காப்புரிமை பெற்றார். வெளியே பார்த்தால் ஒரே பருமனாகத் தோன்றும் குழாய். உள்ளே அதன் முனைகள் மட்டும் தடிப்பாகவும் நடுப்பகுதி மெல்லியதாகவும் இருக்கும். முனையில் 0.8 மில்லிமீற்றர், நடுவில் 0.5 மில்லிமீற்றர் என்பன போன்ற அளவுகள் பிற்காலத்தில் வழக்கமாயின.

இதனைச் செய்யும் விதம் கவனிக்கத் தக்கது. நடுவில் பருத்தும் முனைகளில் சிறுத்தும் இருக்கும் ஓர் உருக்குத் தண்டைக் குழாயினுள் வைத்து, இரண்டையும் சேர்த்து ஓர் இறுகிய வளையத்தினூடாக இழுப்பார்கள். குழாயின் உட்புறம் தண்டின் வடிவத்துக்கு அடங்கிவிடும். ஆனால், பருத்த தண்டைச் சிறுத்த முனையின் வழியே வெளியே எடுப்பது எங்ஙனம்? சாய்வாக அமைந்த உருளைகளுக்கிடையே குழாயைச் சுழலவிட்டால் அது சற்றே விரிந்து கொடுக்கும். தண்டு எளிதில் வெளியே வந்துவிடும். மூங்கிற் கணுவின் தந்திரத்தை மனிதன் உருக்கிலே செய்துகாட்டியது இவ்வாறுதான்.

சூட்டோடு ஒரு சமாதானம்

குழாய் மெலிந்ததும் அதனை இணைப்பவருடைய கைத்திறன் பெரிதும் வேண்டப்பட்டது. உருக்கு உருகுவதற்குச் சுமார் 1500 பாகை சென்ரிகிரேட் சூடு வேண்டும். பழைய பட்டறைகளில் குழாய் முனைகளைச் சிறு உருக்கு உறைகளிற் செருகி, ஏறக்குறைய 900 பாகையில் உருகும் பித்தளையை இடுக்கிலே ஓடவிட்டு ஒட்டினார்கள். குழாய் உருகுவதில்லை, ஆயினும் தவறான கையிலே சூடு மிகுந்துவிடும். வெள்ளி கலந்த பற்று 700 பாகையளவிலேயே உருகுவதால், மிக மெல்லிய குழாய்களுக்கு அதுவே உகந்தது.

1935இல் மங்கனீசும் மொலிப்டினமும் சேர்ந்த '531' என்னும் உருக்குக் குழாயை றெயினோல்ட்ஸ் கம்பனி வெளியிட்டது. 1976இல் வந்த '753' அதனினும் மெல்லியது. வெப்பப் பக்குவம் செய்யப்பட்டது. அதைப் பித்தளைச் சூட்டில் ஒட்டினால் அந்தப் பக்குவம் கெட்டுவிடும். ஆகவே, மாதிரி மூட்டொன்றைச் செய்து அனுப்பிச் சோதனையில் தேறிய சட்டத் தொழிலாளருக்கே அந்தக் குழாய் விற்கப்பட்டது. 1995இல் வந்த '853' நிலைமையைத் தலைகீழாக மாற்றியது. உருக்கி ஒட்டியபின் காற்றிலே ஆறும்போது மூட்டையடுத்த பகுதி மேலும் உறுதி பெறும் உருக்கு அது. சூட்டுக்கு அஞ்சிய காலம் போய், சூட்டையே துணையாக்கிக் கொண்ட காலம் வந்தது.

அலுமினியமும் அகலமும்

அலுமினியத்தின் பாரம் உருக்கின் பாரத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. ஆனால் அதன் விறைப்பும் மூன்றிலொரு பங்கே. உருக்குக் குழாயின் அதே அளவில் அலுமினியக் குழாயைப் பயன்படுத்தினால், சட்டம் நாணற்புல்லைப் போல நெளியும்.

மாணவர்கள் இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மெல்லிய குழாயின் விறைப்பு, அதன் விட்டத்தின் மும்மடிக்கும் சுவரின் தடிப்புக்கும் ஏற்ப அமைகின்றது. விட்டத்தை இரட்டித்துத் தடிப்பைப் பாதியாக்கினால் பாரம் மாறுவதில்லை. விறைப்போ நான்கு மடங்காகின்றது. அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1970களில் கறி கிளைன் என்பவர் இந்த வழியிலே அகலமான அலுமினியச் சட்டங்களை அமைத்தார். ஆனால் விட்டத்தை வேண்டியவாறெல்லாம் பெருக்கிவிட முடியாது. சுவர் மிக மெலிந்தால் தகரப் பேணியைப் போல நசுங்கிவிடும்.

அலுமினியத்துக்கும் சூடு பகையே. சைக்கிளுக்கு வழக்கமாக உதவும் '6061' என்னும் கலப்புலோகம் உருக்கி ஒட்டப்படும்போது, மூட்டருகே தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழக்கின்றது. ஆதலால் முழுச் சட்டத்தையும் உலையிலே 500 பாகைக்கு மேல் காய்ச்சி, சடுதியாகக் குளிரவைத்து, கோணலை நிமிர்த்தி, மீண்டும் இளஞ்சூட்டில் பல மணி நேரம் வைத்திருந்து இழந்த வலிமையை மீட்கிறார்கள்.

நாரைப் பின்னிய சட்டம்

காபன் நாரிலே மூட்டுச் சூடு என்னும் தொல்லையே பெரும்பாலும் இல்லை. அந்நார் தான் ஓடும் திசையிலே மிக்க வலிமையுடையது, குறுக்கே வலிமையற்றது. எனவே பிசின் ஊறிய நார்த் தாள்களை நேராகவும் சாய்வாகவும் குறுக்காகவும் அச்சினுள் அடுக்கி, உள்ளே ஒரு பையை ஊதி நெருக்கி, சூடேற்றி இறுகச் செய்கிறார்கள். எங்கே விசை மிகுதியோ அங்கே ஒரு தாள் கூடும்; எங்கே குறைவோ அங்கே ஒரு தாள் குறையும். 1986இல் கிறெக் லெமொண்ட் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தைக் காபன் சட்டத்தில் வென்றார். 1992இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போட்மன், மைக் பறோஸ் வகுத்த, குழாய்களே இல்லாத ஒற்றையுடல் காபன் வண்டியில் தங்கப் பதக்கம் பெற்றார். பாரக் குறைப்பு எல்லை மீறாதிருக்க, பந்தய வண்டி 6.8 கிலோகிராமுக்குக் குறையலாகாது என்று சர்வதேசச் சைக்கிள் சங்கம் 2000ஆம் ஆண்டிலே விதித்தது.

ஆயினும் இங்கேயும் முறையே தலைமை வகிக்கின்றது. தாளிலே ஒரு சுருக்கம் விழுந்தாலும், அடுக்குகளிடையே காற்றுக் குமிழி தங்கினாலும் அவ்விடம் வலுவிழக்கும். மேற்பூச்சு அதனை மறைத்துவிடும்.

வீட்டிலே கவனிக்க வேண்டியவை

இவ்வளவும் பந்தயக்காரருக்கு மட்டும் உரிய செய்தியன்று. இன்று பாடசாலைப் பிள்ளைகள் ஓட்டும் வண்டிகளிற் பல அலுமினியச் சட்டம் உடையவை. பழைய உருக்கு வண்டியின் சட்டம் வெடித்தால், சந்தியிலுள்ள பட்டறையிலே பித்தளை வைத்து ஒட்டி மறுநாளே ஓடினோம். தடித்த குழாய் அந்தச் சூட்டைப் பொறுத்தது. அலுமினியச் சட்டத்தை அவ்வாறே ஒட்டுவித்தால் கண்ணுக்கு மூட்டு நன்றாகத் தோன்றும். உலையிலே மீட்கப்படாத வலிமையோ திரும்பாது. அது மீண்டும் முறியும் இடம் பிள்ளையின் கைபிடிக்குக் கீழேயாக இருக்கலாம்.

ஆகவே, மாதம் ஒருமுறை வண்டியைத் துடைத்து, மூட்டுகளின் ஓரத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை போன்ற கீறல், பூச்சு வெடித்த கோடு, வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் ஓட்டத்தை நிறுத்துங்கள். முன் கவையை இருமுறை பாருங்கள்; அது முறிந்தால் சுதாரிக்க நேரமிராது. மெல்லிய குழாயில் துளையிடுவதும், நடுப்பகுதியை இடுக்கியால் இறுக்குவதும் கூடா. காபன் வண்டி பலமாக விழுந்திருந்தால், வெளியே காயம் இல்லையென்று நம்பிவிடாமல் அறிந்தவரிடம் காட்டுங்கள்.

பாரத்தைக் குறைத்தவர்கள் பொருளை வெறுமனே சுரண்டி எடுக்கவில்லை. எந்த இடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று அளந்து வைத்தார்கள். அவர்கள் அளந்து வைத்ததைக் குலைக்காமற் காப்பது நம் பங்கு. அதைச் செய்தோமாயின், இலேசான வண்டியும் நம் பிள்ளைகளை அச்சமின்றிச் சுமக்கும்.