டிக்கிக்குள் மழைநீர்: வழியைக் கண்டுபிடித்த பிறகு செலவு செய்யுங்கள்

மாரி தொடங்கியதும் வீட்டுக் கூரை எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துப் பாத்திரம் வைக்கிறோம். வாசலில் நிற்கும் வேனும் காரும் ஒழுகுவது அவ்வளவு இலகுவில் தெரிவதில்லை. டிக்கியில் மேலே கார்பெட், அதன் கீழே பலகை, அதற்கும் கீழே ஸ்பெயார் சில்லு வைக்கும் குழி. உள்ளே வந்த தண்ணீர் இவற்றையெல்லாம் கடந்து அந்தக் குழியில் சத்தமில்லாமல் தேங்கி நிற்கும். அரிசி மூடையின் அடி நனைந்த பிறகோ, பிள்ளைகளின் புத்தகப் பை ஈரமான பிறகோதான் விஷயம் வெளியே வரும்.

அதற்கு முன்பே ஒரு வாடை வரும். காயாத சீலையை மடித்து அலுமாரிக்குள் வைத்தால் வருமே, அதே வாடை. அதைப் பெரும்பாலும் முதலில் உணர்பவர்கள் வீட்டுப் பெண்கள்தான். அப்போது வாசனைப் பொருள் ஒன்றை வாங்கித் தொங்கவிட்டு மறந்துவிடாதீர்கள். கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்.

நமது நாட்டில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் வீடுகளில் இருந்த வாகனங்களுக்கெல்லாம் வயது ஏறிவிட்டது. வயதான வாகனத்தில் ரப்பர் இறுகும், பூச்சு வெடிக்கும், மழைநீர் வழி தேடும். குடும்பத்தின் பெருந்தொகை முடங்கிக் கிடக்கும் ஒரு பொருளைப் பாதுகாப்பதும் வீட்டு நிர்வாகத்தின் ஒரு பகுதிதானே, சகோதரிகளே!

தேங்கினால் என்ன நடக்கும்?

முதலாவது, கறள். மேலே பூச்சு மினுங்கிக்கொண்டிருக்க, உள்ளே தகடு அரிக்கப்படும். சில்லுக் குழியில் தொடங்கும் கறள் மூட்டுகளுக்குப் பரவினால் வெட்டி ஒட்டும் வேலையில்தான் போய் முடியும். ஜெக்கும் சில்லு கழற்றும் சாவியும் அங்கேயே கிடந்து இறுகிப்போகும். இரவு நேரத்தில் டயர் காற்றுப் போனால்தான் அதன் கஷ்டம் தெரியும்.

இரண்டாவது, பூஞ்சணம். நனைந்த கார்பெட்டும் அதன் அடியிலுள்ள பஞ்சும் ஓரிரு நாளில் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். கண்ணாடிகளை மூடி ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு போகும்போது அதே காற்றைத்தான் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள். தொய்வு உள்ள பிள்ளைக்கு இது இழுப்பைத் தூண்டக்கூடும்.

மூன்றாவது, மின்சாரம். பின் லைட்டுகளின் வயர்கள் டிக்கியின் ஓரங்களால்தான் செல்கின்றன. ஹைபிரிட் வாகனங்களில் இன்னும் கவனம் வேண்டும். டொயோட்டா பிரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் கார்களில் ஹைபிரிட் பெட்டரி பின் ஆசனத்துக்குப் பின்னால் இருக்கிறது. 12 வோல்ட் சிறிய பெட்டரியும் டிக்கியின் பக்கத்தில்தான் உள்ளது. ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டில் பெரிய பெட்டரி டிக்கித் தளத்தின் கீழேயே உள்ளது. அந்தப் பகுதியில் தண்ணீரைக் கண்டால் நீங்களாகக் கழற்ற வேண்டாம். செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே கூடாது. ஹைபிரிட் வேலை பயின்றவரிடம் உடனே காட்டுங்கள்.

நான்காவது, பலர் நினைத்துப் பார்க்காதது: புகை. தண்ணீர் நுழையும் ஓட்டையால் காற்றும் நுழையும். வாகனம் ஓடும்போது அதன் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவதால், புகைக் குழாயிலிருந்து வரும் புகை சுழன்று பின்கதவின் இடைவெளிகளால் உள்ளே இழுக்கப்படலாம். அதில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நீண்ட பயணத்தில் பின் ஆசனத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் தலையிடியும் குமட்டலும் வந்தால், பயணக் களைப்பு என்று விட்டுவிடாமல் பின்கதவின் ரப்பரையும் புகைக் குழாயையும் பரிசோதிக்கச் செய்யுங்கள்.

மழைநீர்தானா?

டிக்கியில் ஈரம் இருந்தால் அது மழைநீராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எப்போது நனைகிறது என்று ஒரு வாரம் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

நிறுத்தி வைத்திருக்கும்போது மழை பெய்து நனைந்தால், மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ நீர் வருகிறது. வெள்ளம் நின்ற பாதையில் ஓடிய பிறகு மட்டும் நனைந்தால், சில்லுகள் வாரியடிக்கும் நீர் கீழ்த் தகட்டின் ஓட்டையாலோ கழன்று போன ரப்பர் மூடியின் வழியாலோ ஏறுகிறது. மழையே இல்லாத நாளில் நனைந்தால், பின்பக்க ஏ.சி. உள்ள வேன்களில் அதன் கழிவுநீர்க் குழாய் அடைபட்டிருக்கலாம். பின்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் வசதி இருந்தால் அதையும் சந்தேகியுங்கள். பல வாகனங்களில் அதன் மெல்லிய குழாய் முன்பக்கத் தாங்கியிலிருந்து கூரை வழியாகப் பின்கதவுக்கு வருகிறது. கதவு திறந்து மூடும்போது கீல் அருகே வளைந்து வளைந்து அது வெடித்துவிடும். ஒருவர் சுவிட்சை அழுத்த, இன்னொருவர் உள்ளே பார்த்தால் உடனே தெரிந்துவிடும். மீன் வாங்கி வந்த ஐஸ் பெட்டி கசிந்ததா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்!

நுழையும் வாசல்கள்

இங்கே மனதில் வைக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான். தண்ணீர் தேங்கும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. கூரையில் நுழைந்த நீர் உள்ளறையின் மறைவில் தூண் வழியாக இறங்கிச் சில்லுக் குழியில் போய் நிற்கும். ஆகவே, குழியில் தண்ணீர் நிற்கிறது என்பதற்காகக் குழியை அடைத்துப் பயனில்லை.

அதிகமாகச் சந்தேகிக்க வேண்டிய இடங்கள் இவை:

1. பின்கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங். கிழிந்திருக்கலாம், தட்டையாகியிருக்கலாம், மூலையில் கழன்றிருக்கலாம்.

2. பின் லைட்டுகள். லைட்டுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய பஞ்சு காலப்போக்கில் உதிர்ந்துவிடும். பல்ப் மாற்றும்போது லைட்டைக் கழற்றிச் சரியாக இறுக்காமல் விட்டாலும் இதே கதைதான்.

3. கூரை. கூரை ஓரத்து மூட்டுகள், கெரியர் பூட்டிய ஆணிகள், அன்டெனாவின் அடி, கதவின் மேலுள்ள மூன்றாவது பிரேக் லைட்.

4. பின்கண்ணாடியின் ஓரம், வைப்பர் தண்டு வெளியே வரும் துளை, இலக்கத் தகட்டு லைட்டின் வயர் நுழையும் துளை.

5. பின் பம்பரின் மறைவிலுள்ள காற்றுத் துவாரங்கள். கதவைச் சாத்தும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறுவதற்காகப் பல கார்களில் இவை வைக்கப்பட்டுள்ளன. இவற்றின் ரப்பர் மடல்கள் மடிந்தோ கழன்றோ போனால் நீர் வரும்.

6. டிக்கி மூடியைச் சுற்றியுள்ள வாய்க்கால். மாமரத்தின் கீழ் நிற்கும் காரில் சருகும் பூவும் இதை அடைத்துவிடும். ஓட வழியில்லாத நீர் ரப்பரைத் தாண்டி உள்ளே விழும்.

முன்னர் பின்பக்கம் அடிபட்டுத் திருத்திய வாகனமானால் இன்னும் கூர்ந்து பாருங்கள். தகடு சிறிது கோணலாக இருந்தாலும் லைட்டும் கதவும் சரியாகப் பொருந்தமாட்டா.

வீட்டிலேயே செய்யும் சோதனை

இதற்குத் தேவையானவை ஒரு ஹோஸ் குழாய், ஒரு டோர்ச், பழைய பத்திரிகைத் தாள், சிறிதளவு முகப் பவுடர், உதவிக்கு ஒருவர். இவ்வளவுதான்.

டிக்கியை முழுவதும் காலி செய்யுங்கள். கார்பெட், பலகை, ஸ்பெயார் சில்லு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பக்கத்து அட்டைகளை இலகுவாகக் கழற்ற முடிந்தால் அவற்றையும் எடுங்கள். உட்புறத்தைச் சீலையால் நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். காய்ந்த தகட்டில் தண்ணீர் ஓடிய பழைய அடையாளங்கள், மண் கோடு, கறள் கோடு தெரிகின்றனவா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். அந்தக் கோடு எங்கிருந்து தொடங்குகிறதோ அதற்கு மேலேதான் வாசல் இருக்கிறது. பிறகு மூட்டுகள் நெடுகப் பவுடரைத் தூவி, குழியில் தாளை விரியுங்கள். ஒரு துளி விழுந்தாலும் பவுடரில் கோடு விழும், தாளில் புள்ளி விழும்.

இனி உதவியாளர் டோர்ச்சுடன் உள்ளே இருக்கட்டும். அவர் பெரியவராக இருக்க வேண்டும். பிள்ளைகளை விளையாட்டுக்குக்கூட டிக்கிக்குள் விட்டு மூடக் கூடாது. பின் ஆசனத்தை மடித்து, பக்கக் கதவு திறக்கக்கூடியதாக இருக்கட்டும். என்ஜின் கட்டாயம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.

வெளியிலிருந்து தண்ணீரை மழைபோல் மெதுவாக விடுங்கள். கழுவும் இயந்திரத்தின் வேகம் வேண்டாம், அது நல்ல ரப்பரையும் தாண்டி உள்ளே போகும். கீழிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலே வாருங்கள். முதலில் பம்பர் பகுதி, பிறகு ஒரு லைட், பிறகு மற்ற லைட், பிறகு கதவின் பக்கங்கள், கண்ணாடி, கடைசியாகக் கூரை. ஒவ்வோர் இடத்திலும் நாலைந்து நிமிடம் பொறுத்திருங்கள். ஆரம்பத்திலேயே கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. ஓர் ஓட்டையைக் கண்டதும் நிறுத்திவிடாதீர்கள். இரண்டு, மூன்று இருப்பதும் சகஜம்.

ரப்பரைச் சோதிக்க இன்னுமொரு வழி உண்டு. ஒரு தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, மெல்ல இழுங்கள். இறுக்கமாக வந்தால் ரப்பர் நன்றாக அழுந்துகிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிப்பில்லை. கதவைச் சுற்றி ஒரு சாணுக்கு ஒரு முறை இப்படிப் பாருங்கள்.

திருத்தும்போது

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். ரப்பரைச் சவர்க்கார நீரால் கழுவி, அது அழுந்தும் தகட்டையும் துடையுங்கள். மண்ணும் மணலும் போனதும் சில ஒழுக்குகள் தாமாகவே நின்றுவிடும். ரப்பர் நன்றாக இருந்தும் பிடிப்பில்லையென்றால் கதவின் பூட்டுக் கொக்கியைச் சற்று நகர்த்தி இறுக்க முடியும். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். பின் லைட்டைக் கழற்றிப் பழைய பஞ்சைச் சுரண்டி, புதிய பஞ்சு வைத்து ஒரே அளவாக இறுக்குவது கராஜில் சிறிய வேலைதான். கூரை மூட்டுப் பூச்சு வெடித்திருந்தால் பழையதை எடுத்து, கறளைத் தேய்த்து, பிரைமர் பூசி, வாகன மூட்டுகளுக்கென்றே விற்கும் பூச்சை இட வேண்டும். ஒட்டிய பின்கண்ணாடியில் கசிவு என்றால் அது கண்ணாடி வேலை செய்பவரின் பொறுப்பு.

மூன்று விஷயங்களுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

குளியலறைக்குப் பூசும் சிலிக்கனை வாகனத்தில் அப்ப வேண்டாம். வினாகிரி வாடையடிக்கும் வகை தகட்டில் கறளை உண்டாக்கும். அதன் மேல் பெயின்டும் ஒட்டாது.

காற்றுத் துவாரங்களை ஒரேயடியாக அடைத்துவிட வேண்டாம். மடலைத்தான் மாற்ற வேண்டும்.

தண்ணீர் வடியட்டும் என்று சில்லுக் குழியில் துளை போடச் சம்மதிக்க வேண்டாம். உள்ளே வரும் நீர் அதனால் நிற்காது. பாதைச் சேறும் புகையும் ஏறுவதற்கு இன்னொரு வாசல் திறந்ததாகத்தான் ஆகும்.

கராஜுக்கு அனுப்பும்போது, “டிக்கி ஒழுகுகிறது, பாருங்கள்” என்று மட்டும் சொன்னால் கண்ட இடத்திலெல்லாம் பூசித் திருப்பி அனுப்பக்கூடும். “வலது லைட்டின் மேல் மூலையில் நீர் வருகிறது” என்று காட்டிக் கொடுத்தால் வேலையும் குறையும், கூலியும் குறையும். வேலை முடிந்ததும் பணம் கொடுக்கும் முன் அதே இடத்தில் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

அதன் பிறகு கார்பெட்டையும் பஞ்சையும் தனித்தனியே வெயிலில் போட்டு நன்றாகக் காயவைத்தே திரும்ப விரியுங்கள். மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அடியிலுள்ள பஞ்சு பல நாட்கள் நீரைப் பிடித்து வைத்திருக்கும். முதலாவது பெருமழைக்குப் பிறகு மறுபடியும் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்.

வாங்கும்போதும் விற்கும்போதும்

பழைய வாகனம் வாங்கப் போகும் வீட்டார் பெயின்டையும் ஆசன உறையையும் பார்த்து மயங்கிவிடாமல், டிக்கியின் பலகையைத் தூக்கச் சொல்லுங்கள். குழியில் நீர்க் கோடு, கறள், புதிதாகப் பூசிய கறுப்புப் பூச்சு, அளவுக்கு மீறிய வாசனை இவற்றில் எதைக் கண்டாலும் காரணம் கேளுங்கள்.

நாம் விற்பவர்களாக இருந்தால் நமது பொறுப்பு அதைவிடப் பெரியது. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னதும், அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று அவர்கள் கேட்டதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருப்பதை நாம் அறிவோம். கார்பெட்டின் கீழே மறைந்திருக்கும் மழைநீருக்கும் அதே நியாயம்தான். ஒழுக்கைத் திருத்திவிட்டு விற்போம். முடியாவிட்டால் பலகையைத் தூக்கிக் காட்டி, குறையைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்போம். அந்தப் பணத்தில்தான் இன்ஷா அல்லாஹ் பரக்கத் இருக்கும்.