மஞ்சள் பையில் இருந்த மாத்திரை

இரைப்பைப் புற்றுநோய் ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பு, மயக்க மருந்து டாக்டர் என் பெரியம்மாவிடம், "வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?" என்று கேட்டார். "சுகர் மாத்திரை மட்டும்தான் சார்" என்றார் பெரியம்மா. நான் அவருடைய மஞ்சள் பையைக் கவிழ்த்தேன். பாதி காலியான அட்டையொன்று விழுந்தது. மூட்டு வலிக்கென்று சீட்டில்லாமல் வாங்கி, ஆறு மாதமாகத் தினமும் போட்டுவந்த பிரெட்னிசோலோன். அது ஒரு ஸ்டீராய்டு.

சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரை வாரக்கணக்கில் உள்ளே போனால் சுரப்பி தான் சுரப்பதைக் குறைத்துவிடும். கத்தி படும் நேரத்தில் உடம்பு கூடுதலாகக் கேட்கும். சுரப்பியால் கொடுக்க முடியாது. ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம். முன்பே தெரிந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டுக் காப்பாற்றிவிடலாம். பயந்துபோய் மாத்திரையை நாமே நிறுத்துவது இன்னும் ஆபத்து. நாட்டு மருந்துப் பொடியிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அதையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

மயக்கம் கொடுக்கும்போது ஒரே முறை போடும் 4 முதல் 8 மி.கி. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி வேறு கதை. முக்கியமாக வாந்தியைத் தடுக்கத்தான் அதைப் போடுகிறார்கள். வயிற்றில் புதுத் தையலோடு ஓங்கரிப்பவரின் வேதனையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பலவகை ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 8,700 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், 8 மி.கி. கொடுத்ததால் காயத்தில் சீழ்பிடிப்பது அதிகமாகவில்லை. ஆனால் சர்க்கரை ஏறும், குறிப்பாக முதல் 24 மணி நேரத்தில். சர்க்கரை நோயாளி என்றால், எத்தனை மணிக்கொரு முறை பார்ப்பீர்கள் என்று நர்ஸிடம் கேளுங்கள். நாள்கணக்கில் பெரிய அளவில் கொடுக்கும் ஸ்டீராய்டு, புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும், தொற்றுக்கும் வழிவிடும். அப்படிக் கொடுப்பதானால் காரணம் கேளுங்கள். ஆராய்ச்சிக்காக என்றால் தனி ஒப்புதல் வாங்க வேண்டும். மறுத்தாலும் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

கேட்பது மரியாதைக் குறைவல்ல. சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி எல்லாவற்றையும் சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்த ஊசி, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பது மயக்க மருந்துப் பதிவுத்தாளில் இருக்கும். நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறை விதி. கவனக்குறைவால் கேடு வந்ததென்றால், கட்டணம் வாங்கிய மருத்துவமனை மீது இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனைக்கு அந்த வழி இல்லை. டாக்டரின் நடத்தை குறித்து மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

பெரியம்மாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் பிரெட்னிசோலோனை எந்தத் தேதியில் எவ்வளவு குறைப்பது என்று தனியாக எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை அவர் சாமி அலமாரியில் வைத்திருக்கிறார்.